மேலிருந்து என்ன தெரியும்?

18 ஓகஸ்ட் 2013, ஞாயிறு

கார்த்திகேசு. இது என் பெயர். நானே எழுதினேன். போன மாசி மாதம் வரை கைநாட்டு வைத்த பெருவிரல் இப்போது பேனையைத் தாங்கிப் பிடிக்கிறது. எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு சந்தோசம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

கோயில் மண்டபத்தில் வயதானவர்களுக்குத் தமிழ் சொல்லித்தரும் டீச்சர், "பயணம் போனா ஒவ்வொரு நாளும் எழுதுங்கோ ஐயா. ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை" என்றார். நாளை பயணம். மருமகன் தயாளன் ஒரு கிழமை லீவு எடுத்து, என்னையும் மகள் வதனியையும் லண்டனிலிருந்து லிங்கன்ஷயர் என்ற பக்கம் கூட்டிப்போகிறார். உலக யுத்தத்தில் ஜேர்மனிக்குக் குண்டு போடப் போன விமானங்கள் கிளம்பிய மைதானங்கள் அங்கே நிறைய இருக்கின்றனவாம். தயாளனுக்கு அவை கோயில் மாதிரி. பதினைந்து வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர். அவரை எடுத்து வளர்த்த வெள்ளைக்காரக் குடும்பம் அந்தப் பக்கத்து ஆட்கள்.

வதனி உடுப்பு அடுக்கினாள்.

"அப்பா, உங்களுக்கேன் இந்த அலைச்சல்? ஊரில எங்களுக்குக் குண்டு போட்ட பொம்மரைப் பாத்தது காணாதே?"

"சும்மா இடம் பாக்கத்தான் பிள்ளை."

சும்மா இல்லை. சனிக்கிழமை ஒரு மைதானத்துக்கு, அந்த நாளில் விமானத்தில் பறந்து குண்டு போட்ட ஒருவர் வருகிறாராம். உயிரோடு இருக்கும் மனிதர். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கீழே நிற்கிற ஆள் தெரியுமா? தெரியும் என்று சொன்னால் அவர் கன்னத்தில் ஒரு அறை. இத்தனை வருசமாக எனக்கு அறைய ஒருவனும் கிடைக்கவில்லை. இதைத் தயாளனுக்குச் சொல்லவில்லை.

கை நோகிறது. ஆனால் பக்கம் நிறைந்துவிட்டது!

19 ஓகஸ்ட், திங்கள்

முதல் மைதானம். மைதானம் என்றால் ஒன்றுமில்லை. அறுத்த கோதுமை வயல். நடுவில் உடைந்த சீமெந்து ரோட்டு, அதன் மேல் வைக்கோல் உருளைகள். ஓர் ஓரத்தில் கண்ணாடி இல்லாத இரண்டு மாடிக் கட்டடம். "இதிலதான் நிண்டு பாத்திருப்பினம் மாமா, எத்தினை பொம்மர் திரும்பி வருது எண்டு" என்றார் தயாளன். அவருக்குக் கண் கலங்கியது.

பக்கத்துக் கொட்டகையில் சின்னக் காட்சிசாலை. அங்கே ஒரு வெள்ளைக்காரர் கதை சொன்னார், தயாளன் தமிழில் சொன்னார். விமானத்தின் வாலில் ஒரு கண்ணாடிக் கூடு. அதற்குள் ஒரு பொடியன் துவக்கோடு குந்தியிருப்பான். சில நாள் விமானம் திரும்பி வரும்போது அந்தக் கூட்டுக்குள் இருந்தவனைத் தூக்கி எடுக்க முடியாதாம். தூக்குகிற அளவுக்கு ஆள் இருக்காது. குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவி எடுப்பார்களாம்.

வதனி வெளியே போய்விட்டாள். நான் முழுவதும் கேட்டேன். மேலே போனவனுக்கும் அப்படி நடந்தது என்று கேட்க எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. டீச்சர் உண்மையை எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

மதியம் புட்டும் சம்பலும், காரின் மூடியில் வைத்துச் சாப்பிட்டோம். நல்ல காற்று.

20 ஓகஸ்ட், செவ்வாய்

மழை. இரண்டாவது மைதானத்தில் இப்போது பன்றி வளர்க்கிறார்கள். தயாளன் பன்றிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்தார். நாங்கள் சிரித்தோம்.

நேரம் இருப்பதால் என் தொழிலைப் பற்றி எழுதுகிறேன். நான் பனை ஏறிக் கள்ளு இறக்கியவன். எங்கள் ஆட்களை அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் உள்ளே விடவில்லை, அதனால் எழுத்து இல்லை. ஆனால் மரத்தில் எனக்குச் சமமாக ஒருவரும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. இன்னொருவர் வளவுக்குள் பனை ஏற முன் குரல் கொடுக்க வேண்டும். "ஏறுறன்!" என்று பெரிதாகக் கத்த வேண்டும். கிணற்றடியில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். வேலி கீழே நிற்பவனைத்தான் மறைக்கும். மரத்தில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும். குரல் கேட்டால் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். ஒருமுறை ஒருவன் குரல் கொடுக்காமல் ஏறினான். இறங்கி வந்ததும் அவனை அதே பனையில் கட்டிவைத்து அடித்தோம். பல் விழுந்தது. நானும் அடித்தேன்.

அதனால்தான் மேலிருந்து ஒன்றும் தெரியாது என்று ஆர் சொன்னாலும் என்னால் நம்ப முடியவில்லை.

21 ஓகஸ்ட், புதன்

இன்று நான் ஒரு பட்டணத்தை உடைத்தேன்.

மூன்றாவது இடம் பெரிய காட்சிசாலை. தயாளன் பத்து வருசமாக லீவு நாட்களில் வந்து இங்கே இருக்கும் விமானத்தைத் துடைத்துக் கொடுக்கிறவர். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் என்னைத் தன் தகப்பன் மாதிரி எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார்.

உள்ளே ஒரு பெரிய மேசை. மேசையில் ஒரு பட்டணம் செய்து வைத்திருந்தார்கள். தீப்பெட்டி அளவு வீடுகள், ஒரு கோயில், ஓர் ஆறு, ஒரு பாலம். மேலே ஒரு கதிரை. கதிரையில் ஏறி இருந்து கண்ணாடிக்குள் பார்த்துப் பொத்தானை அமத்தினால் வீடுகளுக்குள் சிவப்பு லைட் எரியும். டும் என்று ஒரு சத்தம். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

வெள்ளைக்காரர் ஒருவர் என்னையும் ஏறச் சொன்னார். ஏறினேன். கண்ணாடிக்குள் பார்த்தேன். கூரைகள் தெரிந்தன. ஒரு வீட்டு முற்றத்தில் கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டிருந்தார்கள். விரல் நகம் அளவுத் துணி. செய்தவன் நல்ல வேலைக்காரன்.

இறங்கி வந்து என் கைத்தடியால் மேசையில் அடித்தேன். முதல் அடியில் பாலம் போனது. இரண்டாவதில் கோயில். பிறகு எண்ணவில்லை. லைட் எல்லாம் ஒரேயடியாக எரிந்து ஒரேயடியாக அணைந்தது. பிள்ளைகள் அழுதார்கள். ஒருவர் என் கையைப் பிடித்தார். அவர் முழங்காலிலும் ஒன்று விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் இலேசாக இருந்தது.

வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். உடைந்ததற்குத் தயாளன் பொறுப்பு எடுத்தார். கார் நிறுத்துமிடத்தில் அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"மாமா, உங்களுக்கு விசரோ?"

"ஓம்."

"இனி நான் இஞ்ச ஆற்ற முகத்தில முழிக்கிறது?"

"ஒட்டினாச் சரி வரும் தம்பி. வெறும் மட்டைதானே."

வதனி முதலில் அழுதாள். பிறகு சிரித்தாள். "பாலத்தையாவது விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அவள் போனதும் தயாளன் எனக்குக் கிட்ட வந்தார்.

"சனிக்கிழமை அந்த மனுசனிட்ட நீங்கள் என்ன கேக்கப் போறீங்கள் எண்டு எனக்குத் தெரியும். கேக்காதேங்கோ மாமா."

"ஏன்?"

"அண்டைக்கு வெள்ளை யூனிஃபோமோட தான் முற்றத்தில வந்து நிண்டதாலதான் அந்தப் பொம்மர் திரும்பி வந்தது எண்டு வதனி நினைக்கிறா. தன்னைக் கண்டுதான் போட்டவன், தன்னாலதான் அம்மா செத்தவ எண்டு. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் அவவுக்குச் சொல்லிச் சொல்லி வைச்சிருக்கிறன், அவ்வளவு மேல இருந்து ஒண்டும் தெரியாது, ஊர் எண்டு பாத்துச் சும்மா போட்டவன் எண்டு. அந்த ஒரு கதையிலதான் அவ நித்திரை கொள்ளுறா. அதை எடுத்துப்போடாதேங்கோ."

வதனி இதை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு மூன்று பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். எனக்கு மாம்பழ நிறத்தில் ஒன்று வாங்கித் தந்தார்கள். மாம்பழம் இல்லை.

22 ஓகஸ்ட், வியாழன்

இன்று எங்கும் போகவில்லை. தயாளனுக்குத் தலையிடி. நான் காலையிலிருந்து யன்னலோரம் இருந்து இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. வதனிக்குப் பதின்மூன்று வயது. விடியற்காலை நான் எங்கள் வளவுப் பனையில் பாளை சீவிக்கொண்டிருந்தேன். கீழே என் மனைவி நல்லம்மா முற்றம் கூட்டினாள். சத்தம் கேட்டது. வளவில் வெட்டி வைத்திருந்த பங்கர்க் குழிக்குள் போங்கோ என்று கத்தினேன். நல்லம்மாவும் வதனியும் போனார்கள். நான் இறங்கவில்லை, அதற்குள் அது வந்துவிட்டது. மரத்தைக் கட்டிப்பிடித்தேன்.

அது சின்னப் பொம்மர். மிகவும் பதிந்து வந்தது. என் பனைக்கு மேலே ஒரு பனை உயரத்தில் போனது. சரிந்து போனதால் உள்ளே இருந்தவனைக் கண்டேன். கறுப்புக் கண்ணாடி. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். அவன் தாடை ஆடியதை நான் கண்டேன். இதைத்தான் ஒருவரும் நம்புவதில்லை. பயத்தில் வந்த நினைப்பு என்பார்கள்.

அது கடந்து போனதும் வதனி பங்கரிலிருந்து வெளியே ஓடிவந்து முற்றத்தின் நடுவே நின்றாள். பள்ளிக்கூடம் போக உடுத்த வெள்ளை உடுப்பு. அண்ணாந்து பார்த்து, "அப்பா இறங்குங்கோ! அப்பா இறங்குங்கோ!" என்றாள். நல்லம்மா அவளை இழுக்க ஓடிவந்தாள். மேலிருந்து எனக்கு இருவரும் நன்றாகத் தெரிந்தார்கள். பொம்மர் வயல் முடிவில் வட்டம் எடுத்தது. திரும்பியது.

நல்லம்மா பிள்ளையை விழுத்தி மேலே படுத்தாள்.

பனை வில்லு மாதிரி வளைந்து நிமிர்ந்தது. பாளையில் கட்டியிருந்த முட்டி உடைந்து கள்ளு என் மேல் கொட்டியது. காது கேட்கவில்லை. கீழே புகை. இறங்கினேன், எப்படி என்று தெரியாது, நெஞ்சுத் தோல் முழுக்க மரத்தில் போய்விட்டது. நல்லம்மாவின் முதுகு இல்லை. கைகள் இரண்டும் பிள்ளையைச் சுற்றி இருந்தன, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். வதனியின் உடுப்பு முழுக்கச் சிவப்பு, அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. என்னைப் பார்த்து, "அப்பா இறங்கிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

அவன் கண்டான். கண்டுதான் திரும்பினான். கொலை என்று ஒருவராவது சொன்னால் போதும் எனக்கு. "கண்டிருக்க மாட்டான்" என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் நல்லம்மா மழையில் கரைந்து செத்த மாதிரி இருக்கிறது.

எழுதி முடித்துவிட்டேன். "நல்லம்மா" என்று இத்தனை தரம் நான் எழுதியது இதுதான் முதல். வடிவான பெயர்.

23 ஓகஸ்ட், வெள்ளி

வதனி என் சேட்டுக்கு அயன் போட்டாள். "நாளைக்கு அந்தக் கிழவருக்கு முன்னால மரியாதையா நிக்கவேணும். தடி கார்லதான் இருக்கும்" என்றாள். சரி என்றேன்.

தயாளன் என்னுடன் கதைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் ஊற்றித் தந்தார்.

24 ஓகஸ்ட், சனி

வெயில். நாலாவது மைதானத்தில் பெரிய சனம். பாட்டு, கூடாரம், கேக். அந்த மனிதரின் பெயர் வில்ஃப். தொண்ணூறு தாண்டியவர். சில்லுக் கதிரையில், காலுக்கு மேல் போர்வை, நெஞ்சில் பதக்கங்கள். அவர் பறந்தது பெரிய விமானத்தில் இல்லையாம், சின்ன விமானம். பகலில் பதிந்து பறந்து குண்டு போடுகிற வகை. அதில் பின்னுக்குப் பார்த்து இருந்தவர்.

நான் தயாளனிடம், "கேக்காமல் போக ஏலாது தம்பி. அவளுக்குக் கேக்காத இடத்தில கேக்கிறன்" என்றேன். அவர் வதனியைத் தேத்தண்ணி வாங்க அனுப்பினார். நீளமான வரிசை.

முதலில் என் தொழிலைச் சொன்னேன். குரல் கொடுக்கிற முறையைச் சொன்னேன். குரல் கொடுக்காதவனுக்கு நாங்கள் அடித்ததையும் சொன்னேன். அப்போதுதான் கேள்வி அவருக்கு விளங்கும். தயாளன் எல்லாவற்றையும் இங்கிலீசில் சொன்னார். வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கேட்டேன், மேலிருந்து ஆள் தெரியுமா?

தயாளன் மெதுவாகத்தான் மாற்றிச் சொன்னார். வில்ஃப் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக் கதைத்தார். தயாளன் வதனி நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்லுறார்?"

"மாமா, போவம்."

"சொல்லும் தம்பி."

"ஜேர்மன்காரர் பிடிச்சு வைச்சிருந்த ஒல்லாந்து நாட்டில ஒரு ரயில் ஸ்டேசனுக்கு அடிக்கப் போனவையாம். சந்தியில ஒரு பொம்பிளை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவவாம். பச்சைச் சட்டையாம். தங்களைக் காப்பாத்த வந்த பிளேன் எண்டு நினைச்சுக் கை காட்டினவவாம். இவரும் கை காட்டினவராம். கை இறக்க முன்னம்..." தயாளன் வில்ஃபைத் திரும்பிப் பார்த்தார். "தெரியுமாம் மாமா. பதிஞ்சு போனா முகம் தெரியுமாம். தெரியாது எண்டு சொல்லுறவன் பொய் சொல்லுறானாம்."

நான் கையை ஓங்கினேன். வில்ஃப் கண்டார். விலகவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் வைத்தார். வைத்துவிட்டு முகத்தைத் தந்தார்.

அறைந்தேன். சத்தம் கூடாரம் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது. இரண்டு பேர் வந்து என் கைகளைப் பின்னுக்கு முறுக்கினார்கள். யாரோ ஒரு பெண் வில்ஃபின் வாயைத் துடைத்தாள், துணியில் இரத்தம். வில்ஃப் கையைத் தூக்கி, விடுங்கள் என்று காட்டினார். அவர்கள் விடவில்லை.

வதனி கோப்பைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அப்பா! என்ன வேலை பாத்தனீங்கள்? கடவுளே, என்ன சொன்னவர் உங்களுக்கு?"

தயாளன் என் முகத்தைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அயன் போட்ட சேட்டைப் போலவே அவள் முகமும் இன்று காலை மடிப்பில்லாமல் இருந்தது.

"மேல இருந்து ஒண்டும் தெரியாதாம்" என்றேன். "நான் அவன்ர முகத்தைக் கண்டனான் எண்டு சொன்னா, பயத்தில வந்த நினைப்பாம். அதுதான் குடுத்தனான் ஒண்டு."



"உங்களைப்போல ஒரு முரடனை நான் கண்டதில்லை!" வதனி சில்லுக் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டாள் என்று நினைக்கிறேன். பிறகு நிறுத்தாமல் கதைத்தாள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. மதர் என்றாள், அது தெரியும். வைற் என்றாள், வெள்ளை, அதுவும் தெரியும். அவள் அவரிடமே கேட்கிறாள் என்று விளங்கியது.

வில்ஃப் அவள் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். மிகச் சின்னதாக.

அவர் கண்ணாடியைப் போட்டார். வதனியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கதைத்தார். நோ, நோ என்றார். வாயில் இன்னும் இரத்தம் இருந்தது. வதனியின் தோள்கள் இறங்கின. அவள் அந்தப் போர்வையில் நெற்றியை வைத்தாள்.

எழும்பி வந்து என்னை ஏசினாள்.

"அடி வாங்கின மனுசன் எனக்குப் பொய் சொல்லி அவருக்கு என்ன வரப்போகுது? காடும் வயலும் கோடுமாத்தான் தெரியுமாம். ஆள் எண்டா ஒரு புள்ளிகூட இல்லையாம். கேட்டியளோ?"

"கேட்டன்."

"இனியாவது நம்புவீங்களோ?"

"நம்புறன் பிள்ளை."

என் கையை விட்டார்கள். பொலிஸ் வேண்டாம் என்று வில்ஃப் சொல்லிவிட்டாராம். போகும்போது திரும்பிப் பார்த்தேன். என் விரல்கள் அவர் கன்னத்தில் பதிந்திருந்தன.

25 ஓகஸ்ட், ஞாயிறு

லண்டன் வந்து சேர்ந்தோம். வழி முழுக்க வதனி என்னைத் திட்டினாள். காட்டான் என்றாள், பட்டணம் உடைத்தவன் என்றாள். இரண்டு முறை சிரித்தாள். தயாளன் காரை நிறுத்திய இடத்தில் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டு வாசல் வரை விடவில்லை.

சாப்பாடு முடிந்ததும் வதனி ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"எழுதப் பழகினீங்கள்தானே? அந்த மனுசனிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதுங்கோ. நான் கீழ இங்கிலீசில எழுதிவிடுறன்."

என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கடிதம் இது.

அன்புள்ள வில்ஃப் ஐயா அவர்களுக்கு, மேலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது என்று நீங்கள் சொன்னது சரி. நான் மரத்தில் நின்று கண்டேன் என்று நினைத்தது பயத்தில் வந்த நினைப்பு. உங்களை நம்பாமல் அடித்துவிட்டேன். நீங்கள் என் மகளுக்குச் சொன்ன பதிலுக்கு நான் சாகும்வரை நன்றி உள்ளவன். இப்படிக்கு, கார்த்திகேசு.

பின்னேரம் வரை எழுதினேன். ஓர் எழுத்துக்கூடக் கோடு தாண்டவில்லை. மிகவும் வடிவாக வந்தது. வதனி இரண்டு தரம் வாசித்தாள். உறையில் போட்டு முத்திரை ஒட்டினாள். "இப்பவே போட்டிட்டு வாறன்" என்று செருப்பைக் கொழுவிக்கொண்டு இறங்கினாள்.

எங்கள் வீடு நாலாம் மாடி. நான் யன்னலில் நின்று பார்த்தேன். அவள் ரோட்டைக் கடந்து, சிவப்புப் பெட்டியில் கடிதத்தைப் போட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி அண்ணாந்து என்னைக் கண்டாள். நெற்றிப் பொட்டின் நிறம்கூடத் தெரிந்தது. கை காட்டினாள்.

நானும் கை காட்டினேன்.